இழையும் மீனும்

என் அண்ணன் மகள் சென்னையில் வேளச்சேரிப் பக்கம் குடியிருக்கிறாள். கம்ப்யூட்டர் உத்தியோகம். அவளும் அவள் கணவனும் வீடு திரும்ப இரவு எட்டு மணிக்கு மேலாகிவிடும். அப்படிப்பட்ட வீட்டில், போன மாதம் ஒரு நாள், முன்னறிவிப்பே இல்லாமல் பையும் கையுமாகப் போய் நின்றேன். வேறொருத்தியாக இருந்தால் முகம் சுளித்திருப்பாள். இவள் சிரித்துக்கொண்டே, "உட்காருங்க சித்தப்பா, இருபது நிமிஷத்தில் சாப்பிட்டுடலாம்" என்றாள்.

இருபது நிமிஷத்தில் என்ன சமைத்துவிட முடியும்? வேடிக்கை பார்க்கிற ஆசையில் நானும் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அகலமான வாணலி ஒன்றை அடுப்பில் வைத்தாள். எண்ணெய், நசுக்கிய பூண்டு, தக்காளி, மிளகாய்ச் செதில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பிறகு நீளமான கோதுமைக் குச்சிகளை உடைக்காமலே படுக்கவைத்து, அவை முழுகும் அளவுக்குத் தண்ணீரை விட்டாள். குச்சிகள் வெந்து துவண்டு நூலாயின. தண்ணீர் சுண்டி, மாவுச்சத்து இறங்கி, குழம்பு பளபளவென்று கெட்டியாயிற்று. கடைசி மூன்று நிமிஷம் இருக்கும்போது உரித்த இறாலை அள்ளிப் போட்டுக் கிளறி மூடினாள்.

"இறாலை முதலிலேயே போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"ரப்பராயிடும் சித்தப்பா."

வேறு பாத்திரம் கிடையாது. வடித்துக் கொட்டுகிற வேலையும் கிடையாது. கழுவ வேண்டியது ஒரே ஒரு வாணலி. இது இத்தாலிக்காரர்கள் சாப்பாடு என்றும், பாஸ்தாவைத் தனியாக வேகவைக்காமல் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போடுகிற இந்தச் சுளுவான முறையை 2013-ல் மார்த்தா ஸ்டுவர்ட் என்ற அமெரிக்க அம்மாளின் பத்திரிகை பிரபலப்படுத்தியது என்றும் அவள் விளக்கினாள். நான் ஒரு வாய் எடுத்து வைத்தேன். வைத்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன்.

"காரம் அதிகமா சித்தப்பா?"

"இல்லை அம்மா. இதை நான் சாப்பிட்டிருக்கிறேன். கண்ணமங்கலத்தில், எட்டு ஒன்பது வயசில்."

அவள் சிரித்தாள். அவள் கணவன் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அவர்கள் மேல் குற்றமில்லை. கண்ணமங்கலம் எங்கே, இத்தாலி எங்கே? கடலைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். நாகநதியில் தண்ணீர் வந்தாலே அந்த வருஷம் திருவிழாதான். அந்த ஊரில் கடல் உணவும் கோதுமை நூலும் ஒரே வாணலியில் கூடியிருந்தன என்றால் யார் நம்புவார்கள்? அன்று இரவு அவர்களிடம் அரைகுறையாகச் சொன்ன கதையை இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன். நான் சரித்திரப் பேராசிரியன் அல்லன். கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்து வந்தவன். ஆகையால் பெரிய முடிவுகளை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் இத்தாலிக்காரர்கள் சமாசாரத்தை முடித்துவிடலாம். மார்க்கோ போலோ சீன தேசத்துக்குப் போய் இந்த நூல் உணவைக் கற்றுக்கொண்டு வந்தான் என்ற கதையை நம்மில் பலர் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறோம். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். நம் காயல்பட்டினத்துக்கு வந்து போன மனிதன் அல்லவா? ஆனால் கதை பொய். அவன் வெனிஸுக்குத் திரும்பியது 1295-ல். அதற்குப் பதினாறு வருஷம் முன்னாலேயே, 1279-ல், ஜெனோவா நகரத்தில் போர்வீரன் ஒருவனுடைய சொத்துப் பட்டியலை எழுதிய பத்திர எழுத்தர், ஒரு கூடை நிறைய மக்கரோனி இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். மார்க்கோ போலோ கதையைப் பெரிதாகப் பரப்பியது 1929-ல் அமெரிக்க மக்கரோனி வியாபாரிகளின் பத்திரிகை. சரக்கு விற்க ஒரு கதை வேண்டியிருந்தது, எழுதினார்கள். கதை எழுதிப் பிழைப்பவன் நான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

உண்மையில் இத்தாலிக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அராபியருக்குத்தான் பெரும் பங்கு என்று ஊகிக்க இடமிருக்கிறது. சிசிலித் தீவை ஆண்ட இரண்டாம் ரோஜர் மன்னனுக்காக அல் இத்ரீஸி என்ற அராபிய பூகோள ஆசிரியர் 1154-ல் ஒரு நூலை முடித்துக் கொடுத்தார். திராபியா என்ற ஊரில் 'இத்ரியா' என்னும் உலர்ந்த மாவு இழைகளை ஏராளமாகச் செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். கப்பல் என்ற வார்த்தையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உலர்ந்த நூல் கெடாது; எடையும் குறைவு; கொதிக்கும் தண்ணீர் இருந்தால் போதும். மாலுமிக்கும் பரதேசிக்கும் ஏற்ற சாப்பாடு. ஊர் விட்டு ஊர் போகிறவர்களோடு ஒட்டிக்கொண்டே இது உலகம் சுற்றியிருக்கிறது. தக்காளி அதோடு சேர்ந்தது மிகவும் பிற்பாடு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தப் பழத்தை பாஸ்தாவோடு சேர்த்துச் சமைக்கும் குறிப்பு 1790 வாக்கில்தான் ரோம் நகரத்துச் சமையல் புத்தகம் ஒன்றில் அச்சேறியது.

சீனர்களையும் விட்டுவிடக் கூடாது. மஞ்சள் ஆற்றின் கரையில் லாஜியா என்ற இடத்தில், பூகம்பமும் வெள்ளமும் சேர்ந்து மூடிவிட்ட ஒரு கிராமத்தைத் தோண்டினார்கள். கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்தின் அடியில் மெல்லிய மஞ்சள் நூல்கள் சுருண்டு கிடந்தன. வயது நாலாயிரம் வருஷம். இந்தச் செய்தி 2005-ல் வெளியானபோது உலகமே வியந்தது. எனக்கு வியப்பு வேறொரு விஷயத்தில். அந்த நூல் கோதுமையில் செய்தது அல்ல. தினையும் பனிவரகும் கலந்தது என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். நம் குறிஞ்சி நிலத்துத் தினை! தினை மாவில் பசை கிடையாதே, அதை எப்படி நூலாக இழுக்க முடியும் என்று வேறு சிலர் சண்டைக்கு வந்தார்கள். பல வருஷம் கழித்து, மாவை வேகவைத்துப் பிசைந்து, ஓட்டைகள் உள்ள அச்சில் வைத்து அழுத்தினால் நூல் வருகிறது என்று செய்தே காட்டினார்கள். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் தெருவில் எந்த ஆயாவைக் கேட்டிருந்தாலும் சேவை நாழியை எடுத்துக் காட்டியிருப்பாளே!

பசை இல்லாத மாவை நூலாக்குகிற வித்தை நமக்குப் பழக்கமானதுதான். கோதுமை மாவை வெறும் தண்ணீரில் பிசைந்தாலே இழுபடும். அரிசி மாவு அப்படி அல்ல. கொதிக்கிற தண்ணீரை விட்டுப் பிசைந்தால்தான் மாவுச்சத்து இளகி ஒன்றையொன்று பற்றும். பிசைந்ததைப் பிழிந்து ஆவியில் வைத்தால் இடியாப்பம். முதலிலேயே கொழுக்கட்டையாக வேகவைத்துச் சூடு ஆறுமுன் பிழிந்தால் சேவை. கன்னட நாட்டில் சாவுண்டராயர் என்பவர் 1025-ல் எழுதிய 'லோகோபகாரம்' என்ற நூலில் சாவிகை செய்யும் முறையும் பிழியும் அச்சும் சொல்லப்பட்டிருப்பதாக அறிஞர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆக, சிசிலித் தீவின் கப்பல்களுக்கு நூறு வருஷம் முந்தியே நம் பக்கத்து வீட்டில் நாழி புழங்கியிருக்கிறது.

நம் வீட்டில்? இங்கேதான் எனக்குச் சொந்தப் பெருமை தலை தூக்குகிறது. பத்துப்பாட்டில் ஒன்று 'பெரும்பாணாற்றுப்படை'. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். கண்ணமங்கலமும் அந்தத் தொண்டை நாட்டு மண்தான். பரிசில் பெற்று வந்த ஒரு பாணன், பட்டினியாக எதிரே வருகிற இன்னொரு பாணனுக்கு வழி சொல்லுகிறான். எந்த ஊருக்குப் போனால் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஒன்று விடாமல் சொல்லுகிறான். இப்படி ஒரு வழிகாட்டி இன்றைக்கு ரெயில்வேயில்கூடக் கிடையாது. அதிலே அப்பம் சுடும் கூவியரைப் பற்றி ஓரிடம் வருகிறது. கரிய அகலில் அவர்கள் பாகு சேர்த்துச் செய்த, இழைகள் சுற்றிய வட்டமான பண்டம் பாலில் கிடப்பதைப் புலவர் உவமையாகச் சொல்லுகிறார். இழை சுற்றிய வட்டம் என்றால் என்ன? இடியாப்பம்தான் என்று சாதிப்பவர்கள் உண்டு. உணவு சரித்திரம் எழுதிய கே. டி. ஆச்சாயா, கி. பி. முதல் நூற்றாண்டை ஒட்டிய சங்க காலத்திலேயே தமிழ்நாட்டில் இடியாப்பம் இருந்தது என்று எழுதியிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் சந்தேகம். இடியாப்பம் ஆவியில் வேகுவது. அகலில் சுடுவது அல்லவே! பாகில் முக்கிய ஏதாவது முறுக்கு இனமாக இருந்தாலும் இருக்கலாம். எப்படியும் மாவை இழையாக்கி வட்டமாகச் சுற்றத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். அது போதும் எனக்கு.

அதே பாட்டில் மீனும் வருகிறது. வலைஞர் குடியிருப்புக்குப் போனால் கள்ளோடு சுட்ட மீனும் கிடைக்கும் என்று பாணன் ஆசை காட்டுகிறான். ஆனால் அந்த மீனுக்கும் இந்த இழை வட்டத்துக்கும் இடையே நூறு அடி தூரம் இருக்கும். பாட்டில் அடியைச் சொல்லுகிறேன். இரண்டும் ஒரு பாத்திரத்தில் சந்திக்கவே இல்லை. மீன் வலைஞர் வீட்டில், இழை கூவியர் கடையில். அவை சந்திக்க வெகு காலம் ஆயிற்று. கடல் கடந்தும் போகவேண்டியிருந்தது.

சந்தித்த இடம் பினாங்கு.

1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் அந்தத் தீவில் கொடி நாட்டினார். கொஞ்ச காலத்துக்குள்ளேயே நம் கரையிலிருந்து மரக்காயர்களும் ராவுத்தர்களும் கப்பலேறி அங்கே கடை வைத்தார்கள்; 1801-ல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சாட்சி. மலாய்க்காரர்கள் அவர்களை 'மாமாக்' என்று அழைத்தார்கள். நம் 'மாமா'தான் அங்கே போய் ஒரு 'க்' சேர்த்துக்கொண்டது. பக்கத்துத் தெருக்களில் சீனத்து ஹொக்கியன்காரர்கள் கோதுமை மாவில் காரநீர் விட்டுப் பிசைந்த மஞ்சள் நூலைக் கொண்டுவந்தார்கள். அதற்கு 'மீ' என்று பெயர். மஞ்சள் பொடி ஒன்றும் கிடையாது. காரநீர் பட்டதும் கோதுமையே மஞ்சளாகிவிடுகிறது. நம் மாமா பார்த்தார். அந்த மீயை வாங்கி, பெரிய இரும்பு வாணலியில், அரைத்த மிளகாய் விழுது, வெந்த உருளைக்கிழங்கு, தக்காளி, சோயா மொச்சைக் கட்டி, முளைப்பயறு, இறால் அல்லது கணவாய் எல்லாம் சேர்த்துப் பிரட்டினார். மேலே எலுமிச்சை பிழிந்தார். அதுதான் 'மீ கோரெங்'. 'மீ' சீனச் சொல். 'கோரெங்' என்றால் மலாயில் வறுப்பது. வறுக்கிற கை தமிழ்க் கை. சீனாவில் இந்தப் பண்டம் கிடையாது, தமிழ்நாட்டிலும் கிடையாது. துறைமுகத்திலே பிறந்த குழந்தை அது.

பினாங்கிலிருந்து அது கண்ணமங்கலம் வந்த விதம் சொல்லப் புகுந்தால் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வரவேண்டும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதியை ஒரு குழித்தறி அடைத்துக்கொண்டிருந்தது. கொல்லையில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன அறை. அதில் ஒரு கிழவி குடியிருந்தாள். ஊரார் அவளைப் 'பினாங்கு ஆயா' என்பார்கள். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்பதுதான் வழக்கம்; மற்ற ஜில்லா வாசகர்கள் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுடைய தகப்பனார் அந்தக் காலத்து வடஆர்க்காட்டு ஜில்லாவிலிருந்து கங்காணியோடு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அந்த நாளில் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் எங்கள் ஜில்லா முக்கியமான ஒன்று. 1938-ல் இந்திய சர்க்கார் அந்த ஆள் சேர்ப்பைத் தடை செய்தது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான். ஆயா அங்கேயே வளர்ந்து, கல்யாணமாகி, ஜார்ஜ்டவுனுக்கு வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் ஒரு மீ கடையில் உருளைக்கிழங்கு அவிப்பது, கணவாய் கழுவுவது, அடுப்பு மூட்டுவது போன்ற எடுபிடி வேலை பார்த்தான். மிளகாய் அரைக்கிற வேலை இவளுக்கு. கடைக்காரர் வாணலியில் கை வைக்க விடமாட்டாராம். "கண்ணாலேயே கத்துக்கினேன்டா" என்பாள்.

மலாயா 1957-ல் சுதந்திரம் அடைந்தது. குடியுரிமைக்கு மனு எழுதிப் போடவேண்டும். இந்தத் தம்பதிகள் போடவில்லை. எழுதத் தெரியாதவர்களுக்கு மனு என்றால் பயம். 1968-ல் ஒரு சட்டம் வந்தது: குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் நிலை திண்டாட்டமாயிற்று. 1969 மே மாதத்துக் கலவரத்துக்குப் பிறகு கெடுபிடி இன்னும் இறுகியது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். அவர்களில் பலரைச் சுமந்து வந்தது 'ரஜூலா' என்னும் கப்பல். 1926-ல் கட்டப்பட்டு, ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடித் தேய்ந்த கப்பல். 1970-ல் ஆயாவும் அதிலேதான் வந்தாள். வந்த வருஷமே புருஷன் போய்விட்டான். ஒரு தகரப் பெட்டியும் ஒரு இரும்பு வாணலியும்தான் மிச்சம்.

அந்த வாணலி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடி குழிந்து, ஒற்றைக் காதோடு, எண்ணெய் ஏறிக் கறுத்து, கண்ணாடிபோல் மின்னும். அதில் அவள் மாதத்துக்கு ஒரு நாள் 'மீ' பண்ணுவாள். மஞ்சள் மீக்கு எங்கே போவது? கடையில் கிடைக்கும் கோதுமைச் சேமியாதான். கணவாய்க்கு எங்கே போவது? எங்கள் சந்தைக்குக் கருவாட்டுக்காரிகள் வருவார்கள். கூடையில் நெத்திலி, வாளை, சுறாத் துண்டு எல்லாம் இருக்கும்; ஒரு மூலையில் சிவந்த உமிபோல் குவிந்து கிடக்கும் சென்னாக்கூனி. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் கூனி இறால், உலர்த்தியது. ஏழைகள் வாங்குவது. ஆயா அதைத்தான் வாங்குவாள்.

ஒரு விஷயம் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. பினாங்கிலே எந்தச் சமையலுக்கும் சேர்க்கிற 'பெலாச்சான்' என்ற வாசனைக் கட்டி இருக்கிறதே, அது இதே ஜாதிக் கூனி இறாலை உப்பிட்டு இடித்து வெயிலில் வைத்துச் செய்வது. இறால் ஒன்று, கரை இரண்டு. அவள் ஏழ்மையால் சென்னாக்கூனி வாங்கினாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் மூக்கு தேடியது பினாங்கை என்று இப்போது தோன்றுகிறது.

சமையலைச் சொல்லிவிடுகிறேன். சென்னாக்கூனியை வெறும் வாணலியில் வறுத்து, முறத்தில் புடைத்து எடுத்து வைத்துக்கொள்வாள். மல்லாட்டை எண்ணெயை விட்டு, ஊறவைத்து அரைத்த மிளகாய் விழுதை எண்ணெய் பிரிகிற வரையில் வதக்குவாள். அவசரப்படவே மாட்டாள், "பச்சை வாசனை போவலன்னா எல்லாம் போச்சு" என்பாள். அப்புறம் வெங்காயம், தக்காளி, வெந்த உருளைக்கிழங்கு, ஒரு துளி வெல்லம். தண்ணீரை அளந்து விட்டுக் கொதித்ததும் சேமியாவை அதிலேயே போடுவாள். தண்ணீர் சுண்டி வருகிற தருணத்தில் சென்னாக்கூனியைத் தூவி மூடிவிடுவாள். இரண்டு நிமிஷம். ஒரே வாணலி. என் அண்ணன் மகள் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்!

வாசனை என்று நான் எழுதினேன். மற்றவர்கள் நாற்றம் என்றார்கள். சண்டையும் அதிலேதான் பிறந்தது.

பட்டு இருக்கிறதே, அது பொல்லாத வஸ்து. பருத்தியைப்போல் துவைத்துக் காயப்போட முடியாது. பக்கத்தில் எது புகைந்தாலும், எது வறுபட்டாலும் தன்னுள் வாங்கிக்கொள்ளும். எங்கள் வீடும் மீன் தின்னுகிற வீடுதான். ஆனால் பாவு தறியில் ஏறிவிட்டால், சேலை அறுத்துக் கொடுக்கிற வரையில் மீனோ கருவாடோ வீட்டுக்குள் வராது. பின்கட்டு ஆயாவுக்கும் அதே சட்டம். அவளும் மீறியதில்லை. சேலை அறுத்த மறுநாள்தான் வாணலியை எடுப்பாள்.

1991 என்று நினைக்கிறேன். ஒரு முகூர்த்தச் சேலை தறியில் இருந்தது. அரக்கு நிறம், அகலமான ஜரிகைக் கரை. இன்னும் ஒரு முழம் ஓடவேண்டியதுதான் பாக்கி. அன்றைக்கு ஆயாவுக்கு என்னவோ. புருஷன் திவசமாக இருக்கலாம். தெருக் கோடியில் இடிந்து கிடந்த ஒரு வீட்டுத் திண்ணையில், மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிச் சமைத்தாள். எங்கள் வீட்டுக்கு வாசனை வரக் கூடாது என்பதற்காகவே அத்தனை தூரம் போயிருக்கிறாள். நான் மோப்பம் பிடித்துப் போய் நின்றேன். ஒரு கிண்ணத்தில் போட்டு, "இங்கேயே துன்னுட்டுப் போடா கண்ணு, ஊட்டுக்குள்ள எடுத்துனு போவாதே" என்றாள்.

நான் எடுத்துக்கொண்டு போனேன். வெயில். அப்பா தார் வாங்கப் போயிருந்தார், அம்மா படுத்திருந்தாள். கூடத்தில் தறிக் குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் ஜில்லென்று இருக்கும். அங்கே உட்கார்ந்து, ஒவ்வொரு சேமியாவாக உறிஞ்சி, கிண்ணத்தை நக்கிவிட்டுக் கையைத் துடைத்தேன். எதில் துடைத்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. நெய்த சேலையைச் சுற்றி மூடிய வெள்ளைத் துணியாக இருக்கலாம். அதற்குள்ளே இருந்ததாகவும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் சேலை முதலாளி வீட்டுக்குப் போயிற்று. அவர் மடிப்பைப் பிரித்தார், மூக்கருகே கொண்டுபோனார், மறுபடி மடித்து அப்பாவின் மடியிலேயே போட்டுவிட்டாராம். கல்யாண வீட்டார் தலையில் கட்ட முடியாது என்றார். கடைசியில் எடுத்துக்கொண்டார்; கூலியில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டுதான். இருபது நாள் இரண்டு பேர் உழைத்த கூலி. அந்த மாதம் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு கேழ்வரகுக் கூழோடு நின்றது.

அப்பா கோபக்காரர் அல்ல. கொல்லைப்புறம் போய், கதவருகே நின்று, "நீ சமைச்சியாமே ஆயா?" என்று மட்டும் கேட்டார். அவள் "ஆமாம்பா, சமைச்சேன்" என்றாள். எங்கே சமைத்தாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்லும்போது அவள் பார்வை அப்பாவைத் தாண்டி என் மேல் வந்து நின்றது. நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எட்டு வயசுப் பையனை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? இரண்டு அடி விழும். சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவள் சந்தவாசல் பக்கம் தம்பி மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை என்று அம்மா வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கச் சொல்லவும் இல்லை. பஸ்ஸுக்குத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். வாணலியை அவளே ஒரு சாக்கில் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டாள். மலாயா தேசத்திலிருந்து ஒரு தரம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு தரம். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அவள் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கதை எழுதியிருக்கிறேன். அந்தக் கிண்ணத்தைப் பற்றி எழுத இன்றைக்குத்தான் கை வந்தது. அதற்கு இத்தாலி, சீனா, காஞ்சி என்று இவ்வளவு தூரம் சுற்றவேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுத் தறி இப்போது இல்லை. அப்பாவுக்குக் கண் மங்கியதும் விற்றாயிற்று. குழியை மூடி சிமெண்டு பூசிவிட்டார் அண்ணன். மழைக்காலத்தில் அந்தச் சதுரம் மட்டும் ஈரம் பூத்துத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளிடமிருந்து டெலிபோன் வந்தது. வேளச்சேரிக் கடை ஒன்றில் சென்னாக்கூனி கிடைத்துவிட்டதாம்.

"எப்படிப் போடணும் சித்தப்பா? இறால் மாதிரி கடைசியிலேயா?"

"கடைசியில்தான். முதலில் வெறும் வாணலியில் வறுத்துப் புடைத்துக்கொள். தூசு இருக்கும்."

"ரொம்ப வாடை வருமாமே! பக்கத்து வீட்டிலே ஏதாவது சொல்லப் போறாங்க. ஜன்னலைச் சாத்திடட்டுமா?"

"வேண்டாம் அம்மா, திறந்தே வை" என்றேன்.